கட்டணம் இல்லாத வழக்கு

நுகர்வோர் ஆணையத்தில், வாங்கிய பொருளின் விலை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் புகார் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. பரீட்சைக்குப் படித்திருப்பீர்கள். சட்டமே தெரியாதவர்களுக்குக்கூட இது தெரியும். விழிப்புணர்வு முகாம்களில் இதைத்தான் முதலில் சொல்கிறோம். நானே பல மேடைகளில் மைக்கைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருக்கிறேன். அது உண்மைதான். அந்த உண்மையை நம்பி வழக்குப் போட்ட ஒருவரைப் பற்றி உங்களுக்கு எழுதுகிறேன். புதிதாகக் கறுப்புக் கோட்டு மாட்டியிருப்பவர்களுக்கு உற்சாகமாக ஏதாவது எழுதுங்கள் என்றுதான் என்னிடம் கேட்டார்கள். யோசித்து யோசித்துப் பார்த்தும் இவர் முகம்தான் வந்து நிற்கிறது. என்ன செய்ய?

அவர் பெயர் சின்னதுரை. எடமலைப்பட்டி புதூரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி இஸ்திரி வண்டி போட்டிருந்தார். மதுரை ரோட்டில் சைக்கிளில் போனபோது பின்னால் வந்த ஏதோ ஒரு வண்டி இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்கும்படி ஆயிற்று. முழங்கால் தப்பியதே பெரிய விஷயம் என்று டாக்டர் சொன்னாராம். முழங்கால் இருந்தால் செயற்கைக் கால் போட்டுக்கொண்டு ஏறக்குறைய பழையபடி நடக்கலாம். அதுவும் போய்விட்டால் நடையே வேறு, காலின் விலையும் வேறு.

அரசாங்கம் தரும் இலவசக் காலுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார். அதற்குள் ஒரு தனியார் கடைக்காரர், “எங்க கால் போட்டா நாள் பூரா நின்னு வேலை பாக்கலாம்” என்று சொல்லவே, மனைவி விஜயா மகளிர் குழுவில் கடன் எடுத்து அந்தக் காலை வாங்கிக் கொடுத்தார். வாங்கிய நாளிலிருந்தே வலி. வெட்டிய காலின் முனை நுழைகிற கிண்ணம் அவருக்குப் பொருந்தவில்லை. கடைக்காரர் விளிம்பைத் தேய்த்துக் கொடுத்துப் பார்த்தார், உள்ளே பஞ்சு வைத்துப் பார்த்தார். கடைசியில், “காலு நல்லாத்தான் இருக்கு, உனக்குத்தான் நடக்கத் தெரியலை” என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

சின்னதுரை தானே ஒரு புகார் எழுதி ஆணையத்தில் கொடுத்தார். வக்கீல் வைக்கவில்லை, வைக்க வேண்டும் என்று சட்டமும் சொல்லவில்லை. புதுக் கால் வேண்டும், இல்லாவிட்டால் பணம் வேண்டும் என்று கேட்டிருந்தார். கடைக்காரர் பதில் போட்டார்: கால் குறையற்றது, மனுதாரருக்குப் பயன்படுத்தத் தெரியவில்லை, உடம்பும் பருத்துவிட்டது. அப்படியானால் காலைச் சோதனைக்கு அனுப்புவோம் என்றது ஆணையம். அதற்குச் சோதனைக்கூடத்துக்குக் கட்டணம் உண்டு. அதை மனுதாரர் முன்கூட்டிக் கட்ட வேண்டும். சட்டம் அப்படித்தான் சொல்கிறது, உத்தரவும் அப்படித்தான் வந்தது.

அந்த உத்தரவை எடுத்துக்கொண்டுதான் ஸ்ரீரங்கத்தில் என் வீட்டுக்கு அவரும் விஜயாவும் வந்தார்கள். நல்ல வெயில். சத்திரம் பஸ் நிலையத்தில் இறங்கி வேறு பஸ் மாறி வந்திருக்கிறார்கள். வாசலில் நின்றபடியே அவர் கேட்ட முதல் கேள்வி இது:

“வக்கீலம்மா, ஃபீஸே கிடையாதுன்னுதானே சொன்னாங்க? இப்ப கட்டச் சொல்றாங்களே, ஏமாத்துறாங்களா?”

“யாரும் ஏமாத்தலைங்க. முதல்ல உள்ள வந்து உக்காருங்க” என்றேன்.

கட்டணம் என்றால் என்ன என்று அன்று அவருக்கு விளக்கினேன். உள்ளே நுழைவதற்குக் கட்டணம் இல்லை. நுழைந்த பிறகு நோட்டீஸ் அனுப்பத் தபால் செலவு, நகல் செலவு, ஒவ்வொரு வாய்தாவுக்கும் பஸ் செலவு, அன்றைய கூலி. பொருளைச் சோதிக்க வேண்டுமானால் சோதனைக் கட்டணம். ஜெயித்தும் எதிராளி பணம் தராவிட்டால் அதை வசூலிக்க இன்னொரு மனு. வக்கீல் வைத்தால் வக்கீல் ஃபீஸ். நான் முடித்த பிறகு அவர் ஒன்று கேட்டார்.

“ஜெயிச்சா இதெல்லாம் திரும்பி வருமாம்மா?”

“செலவுத் தொகைன்னு கொஞ்சம் போட்டுத் தருவாங்க. போன காசு முழுசா வராது. பஸ்ஸுக்குக் கொடுத்தது, வேலைக்குப் போகாத நாளு, இதெல்லாம் யாரும் கணக்குப் பாக்க மாட்டாங்க. என் ஃபீஸைப் பத்திக் கவலைப்படாதீங்க, எனக்கு எதுவும் வேணாம்.”

“சும்மா வேணாம்மா. உங்க கோட்டு, கவுனு எல்லாத்தையும் நான் தேச்சுத் தர்றேன்.” சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

பேசிக்கொண்டிருக்கும்போதே வலி தாங்காமல் காலைக் கழற்றினார். காலின் முனையில் தோல் தடித்துச் சிவந்து, ஒரு இடத்தில் கருத்திருந்தது. அவருக்குச் சர்க்கரை வியாதி வேறு என்று விஜயா சொன்னார்.

“இதைப் போடாதீங்க. டாக்டர்கிட்ட காட்டுங்க. காட்டுற வரைக்கும் கக்கத்துல கட்டையை வெச்சு நடங்க” என்றேன்.

“கட்டைய வெச்சு நடக்கலாம்மா. தேய்க்க முடியாதே. ஒரு கை பெட்டிக்கு, ஒரு கை துணிக்கு. கட்டைய எந்தக் கையில புடிக்கறது? ஸ்டூல் போட்டு உக்காந்தும் பாத்தேன். உக்காந்தா பெட்டியில அழுத்தம் விழ மாட்டேங்குது. துணியைத் திருப்பிக் குடுத்துடறாங்க.”

நிலைமை இதுதான். சோதனைக்குக் கட்டணம் கட்ட அவர் வேலை செய்ய வேண்டும். வேலை செய்ய நிற்க வேண்டும். நிற்க அந்தக் காலைப் போட வேண்டும். அந்தக் கால்தான் வழக்கு. கட்டணத்தைக் கட்டிவிட்டால் காலை முத்திரை வைத்து எடுத்துக்கொள்வார்கள், அதன் பிறகு வேலை இல்லை. கட்டாவிட்டால் கால் அவரிடமே இருக்கும், புண்ணாகிக்கொண்டே போகும். எத்தனையோ வழக்குகளில் கட்சிக்காரர்களுக்கு வழி சொல்லியிருக்கிறேன். அன்று எனக்கு எதுவும் தோன்றவில்லை.

கிளம்பும்போது விஜயா என்னைச் சமையலறைப் பக்கம் தனியாக அழைத்தார்.

“நீங்க கட்டிடுங்கம்மா. மாசா மாசம் நான் குடுத்துடறேன். குழுவுல இதுக்கு மேல எனக்குத் தர மாட்டாங்க. வெளிய வாங்கினா வட்டி தாங்காது.”

அந்தத் தொகை என்னிடம் இருந்தது. பீரோவைத் திறந்தால் எடுத்துக் கொடுத்திருக்கலாம். ஆனால் தான் நடத்தும் வழக்குக்காக வக்கீல் தன் கட்சிக்காரருக்குக் கடன் கொடுக்கக் கூடாது என்று நமக்கு ஒரு விதி இருக்கிறது. அந்த விதி ஏன் வந்தது என்றும் எனக்குத் தெரியும். நான் தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு பெரிய வக்கீல் திருவெள்ளறைப் பக்கத்து விவசாயி ஒருவருக்கு வழக்குச் செலவு முழுவதையும் தானே போட்டுவந்தார். நல்ல மனசோடுதான் ஆரம்பித்தார். வழக்கு முடிந்தபோது அந்த விவசாயி நிலத்தை ஜெயித்து, அதே நிலத்தை வக்கீலுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். கடன் கொடுத்த வக்கீல் அதற்குப் பிறகு வக்கீலாக யோசிப்பதில்லை. போட்ட பணம் எப்போது வரும் என்றுதான் யோசிக்கிறார். அதனால் விஜயாவிடம் முடியாது என்று சொன்னேன். காரணத்தையும் சொன்னேன். அவர் தலையாட்டினார். காரணம் புரிந்து ஆட்டினாரா, முடியாது என்பது புரிந்து ஆட்டினாரா என்று எனக்குத் தெரியாது.

கடனாக இல்லாமல் சும்மாவே கொடுத்திருக்கலாமே என்று உங்களில் யாராவது கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். என்னிடம் அப்போது இவரைப்போல ஏழெட்டுக் கட்சிக்காரர்கள் இருந்தார்கள். ஒருவருக்குக் கொடுத்தால் மற்றவர்களுக்கும் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் யாருக்குக் கொடுப்பது என்று நான் பொறுக்கி எடுக்க வேண்டும். ஏழைகளுக்குக் கட்டணம் கட்டுவதற்கென்றே சட்ட உதவி மையம் இருக்கிறது; உடல் ஊனமுற்றவருக்கு வருமானம் பார்க்காமல் உதவி கிடைக்கும். சரியான வழி அதுதான் என்று நினைத்தேன். இன்று கேட்டாலும் சரியான வழி அதுதான் என்பேன்.

ஆணையத்தில் இரண்டு மனு போட்டேன். சோதனைக் கட்டணத்தைச் சட்ட உதவி மூலம் செலுத்த அனுமதிக்க வேண்டும் என்பது ஒன்று. வழக்கு முடியும்வரை எதிர்த் தரப்பு தற்காலிகமாக வேறொரு கால் தர வேண்டும் என்பது இன்னொன்று. எதிர்த் தரப்பு வக்கீல் இளைஞர், மரியாதையான பையன். பதில் மனு போட வாய்தா கேட்டார். கேட்க அவருக்கு உரிமை இருந்தது. அவருடைய கட்சிக்காரர் வெளியூர் போனதாக அடுத்த முறையும் கேட்டார். அதுவும் உண்மைதான். ஆணையத்தின் தலைவர் கண்டிப்பானவர், கருணையுள்ளவர். அவரும் சட்டம் கொடுக்கும் அவகாசத்தைக் கொடுத்தார், அதற்கு மேல் ஒரு நாள் கொடுக்கவில்லை. இந்தக் கதையில் திட்டுவதற்கு ஒரு ஆளைத் தேடி எத்தனையோ நாள் தூக்கம் வராமல் படுத்திருக்கிறேன். கடைக்காரரைத் தவிர யாரும் கிடைக்கவில்லை. அவர்கூட, தன் கால் நல்ல கால் என்று நிஜமாகவே நம்பினார்.

ஒவ்வொரு வாய்தாவுக்கும் சின்னதுரை அந்தக் காலைப் போட்டுக்கொண்டுதான் வந்தார். “டாக்டர்கிட்ட காட்டினீங்களா?” என்று ஒவ்வொரு தடவையும் கேட்டேன். “மருந்து போடறேம்மா, காஞ்சுகிட்டு வருது” என்பார். விஜயா பக்கத்தில் நின்று தரையைப் பார்ப்பார்.

மனுக்களின் மீது வாதம் நடக்க வேண்டிய நாள். வழக்கு அழைக்கப்படுவதற்குச் சற்று முன்னால், வராந்தாவில் அந்த இளம் வக்கீல் என்னிடம் வந்தார்.

“மேடம், ராஜியா முடிச்சுக்கலாமா? பாதிப் பணத்தைத் திருப்பித் தர ஒத்துக்கிட்டாரு. இன்னிக்கே தர்றாரு, கொண்டு வந்திருக்காரு. காலைத் திருப்பிக் குடுத்துடணும். பொருள்ல குறை இல்லைன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடணும். அவ்வளவுதான்.”

உள்ளே எங்களுக்கு முன்னால் இரண்டே வழக்குகள் இருந்தன. நீங்களும் இப்படி வராந்தாவில் நிற்பீர்கள். எந்தப் புத்தகத்தையும் புரட்ட அங்கே நேரம் இருக்காது. நான் அவர்கள் இருவரையும் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் அழைத்துப்போய் உள்ளதை உள்ளபடி சொன்னேன். பாதிப் பணம் இன்று கைக்கு வரும். மறுத்தால் முழுப் பணம் வரலாம், ஒன்றும் வராமலும் போகலாம். வருவதானாலும் சோதனை, அறிக்கை, வாதம், தீர்ப்பு என்று எத்தனை மாதம் ஆகும் என்று என்னால் சொல்ல முடியாது.

“வாங்கிக்கலாங்க” என்றார் விஜயா உடனே. “குழுக் கடன்ல பாதியாவது அடைஞ்சிடும். அந்தக் காலும் நம்மள விட்டுத் தொலையும்.”

சின்னதுரை என்னைப் பார்த்தார். “நீங்க என்ன சொல்றீங்கம்மா?”

“காசை மட்டும் பாத்தா வாங்கிக்கறது நல்லதுங்க.”

“காசைப் பாக்காம சொல்லுங்க.”

“அதை நீங்கதான் சொல்லணும்.”

அவர் சுவரில் சாய்ந்துகொண்டார். “குறையே இல்லேன்னு நான் எழுதிக் குடுக்கணுமா? அப்ப எம் பக்கம்தான் தப்புன்னு ஆயிடுமே. கடையில அத்தனை பேருக்கு முன்னாடி சொன்னாம்மா அந்த ஆளு, ஒனக்கு நடக்கத் தெரியலைன்னு. நாப்பத்தாறு வயசு வரைக்கும் நடந்தவன் நானு. எனக்கு நடக்கத் தெரியாதா?”

“அதுக்காக வலியத் தாங்கிக்கிட்டே இருப்பீங்களா?” என்றார் விஜயா. “காகிதத்துல என்ன எழுதினா என்னங்க? நமக்கு நடந்தது நமக்குத் தெரியாதா?”

“நமக்குத் தெரிஞ்சு என்ன ஆச்சு? இத்தனை நாள் தெரிஞ்சுதானே இருந்துச்சு.”

உள்ளேயிருந்து எங்கள் வழக்கு எண்ணைக் கூப்பிட்டார்கள். “வேணாம்மா, நடத்துங்க” என்றார் அவர். நான் உள்ளே போனேன். கட்சிக்காரரின் முடிவு அது. அவரைக் கட்டாயப்படுத்தவில்லை, தூண்டவும் இல்லை. விஜயா குழாயடியிலேயே நின்றுவிட்டார்.

அன்று எங்களுக்குப் பாதி வெற்றி. கட்டணத்தைச் சட்ட உதவி மூலம் செலுத்தலாம் என்று ஆணையம் அனுமதித்தது. தற்காலிகக் கால் கேட்ட மனு தள்ளுபடியானது. குறை நிரூபணமாகும் முன்பே எதிர்த் தரப்பை வேறு கால் தரச் சொல்வது தீர்ப்பை முன்கூட்டியே சொல்வதாகும் என்றார் தலைவர். நான் அந்த நாற்காலியில் இருந்திருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

உத்தரவின் நகல் சட்ட உதவி மையத்துக்குப் போய், அங்கே அனுமதியாகி, பணம் செலுத்தப்பட்டு, காலை ஒப்படைக்க ஒரு நாள் குறித்தார்கள். எல்லாம் ஒழுங்காகத்தான் நகர்ந்தது. ஒழுங்காக நகர எடுத்துக்கொள்ளும் காலத்தை எடுத்துக்கொண்டது. அது வரைக்கும் சின்னதுரை நின்று துணி தேய்த்துக்கொண்டிருந்தார்.

காலை ஒப்படைக்க வேண்டிய நாளில் நான் ஆணையத்துக்குப் போனபோது விஜயா மட்டும் வந்திருந்தார். துணிக்கடையில் கொடுக்கும் பெரிய கட்டைப்பை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பையின் வாயிலிருந்து செயற்கைக் காலின் பாதம் வெளியே தெரிந்தது. ஆண்கள் போடும் பழுப்பு நிறச் செருப்பு அதில் இன்னும் மாட்டியிருந்தது.

“அவரு எங்க விஜயா?”

“ஆஸ்பத்திரியிலம்மா. காய்ச்சல் வந்து நினைவில்லாம போயிட்டாரு. சீழ் உள்ள எலும்பு வரைக்கும் போயிடுச்சாம். இன்னிக்கு எடுக்கறாங்க.” பையை இழுத்து மடியில் சரியாக வைத்துக்கொண்டு, “முட்டிக்கு மேல” என்றார்.

“நீங்க ஏன் இங்க வந்தீங்க? எனக்கு ஒரு போன் பண்ணியிருந்தா வேற நாள் வாங்கியிருப்பேனே!”

“வேற நாள்னா இன்னும் தள்ளிப் போகும்னு அவருதாம்மா நேத்து சொன்னாரு. நினைவு போறதுக்கு முன்னாடி. நாளைத் தவற விட்டுடாதேன்னு.”

அலுவலக ஊழியர் காலை வாங்கி மேஜையில் வைத்தார். செருப்பைக் கழற்றி விஜயாவிடம் கொடுத்தார். வெள்ளைத் துணியில் சுற்றி, தைத்து, அரக்கு உருக்கி முத்திரை வைத்தார். விஜயா கையெழுத்துப் போட்டார். செருப்பைப் பைக்குள் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார். நான் ஆட்டோ பிடித்துத் தருகிறேன் என்று பின்னாலேயே போனேன். அதற்குள் கேட்டைத் தாண்டிவிட்டார்.

சின்னதுரையைப் பத்து நாள் கழித்து வார்டில் பார்த்தேன். போர்வை இடது பக்கம் தொடையோடு அமுங்கிக் கிடந்தது. சோதனை அறிக்கை வரட்டும், இந்த நஷ்டத்தையும் சேர்த்து நஷ்டஈட்டை உயர்த்தி மனுவைத் திருத்தலாம் என்று சொன்னேன். அதற்கு என்னென்ன ஆகும் என்றும் சொன்னேன். முழங்கால் போனது அந்தக் காலினால்தான், சர்க்கரையினால் இல்லை என்று நிரூபிக்க வேண்டும். மருத்துவ நிபுணர் வேண்டும். அவருக்குக் கட்டணம். எதிர்த் தரப்புக்கு மறுபடி பதில் போட அவகாசம்.

கட்டணம் என்ற வார்த்தையைக் கேட்டதும் அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

“வேணாம்மா. மறுபடியும் மொதல்லேர்ந்து ஆரம்பிக்கும். இந்த விஷயத்த அங்க சொல்லவே சொல்லாதீங்க. கேட்டது கேட்டபடி இருக்கட்டும்.”

“யோசிச்சுச் சொல்லுங்க. அவசரமில்லை.”

“யோசிச்சுத்தாம்மா சொல்றேன். காலு குறையுள்ள காலுன்னு மட்டும் எழுதி வாங்கிக் குடுங்க. போதும்.”

அறிக்கை வந்தது. கிண்ணத்தின் வடிவம் தவறு என்றும், உடம்பின் பாரம் முழுவதும் வெட்டிய எலும்பின் முனையில் இறங்கும்படி செய்யப்பட்டிருக்கிறது என்றும் எழுதியிருந்தார்கள். ஜெயித்துவிட்டோம் என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது.

தீர்ப்பு நாளில் வர வேண்டாம் என்று சொல்லியும் வந்தார். இரண்டு பக்கமும் ஊன்றுகோல். முதல் வரிசையில் அவரை உட்கார வைத்தேன். அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவர் ஆணையத்துக்கு வந்தது அதுதான் முதல் தடவை. தலைவர் உத்தரவின் முக்கியப் பகுதியைத் தமிழில் வாசித்தார். பொருளில் குறை உண்டு என்பது சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபணமாகியுள்ளது. ஆகவே எதிர்த் தரப்பினர் மனுதாரருக்கு, முழங்காலுக்குக் கீழே சரியாகப் பொருந்தும் புதிய செயற்கைக் கால் ஒன்றை...

அந்த இடத்தில் அவர் யதேச்சையாகத் தலை நிமிர்ந்தார். மனுதாரரைப் பார்த்தார். மேஜைக்கு அப்பால் தெரிந்ததைப் பார்த்தார். வாசிப்பு நின்றுவிட்டது.

“இது எப்ப...” என்றார்.

“சோதனைக்குக் குடுத்த அன்னிக்குங்கய்யா” என்றார் சின்னதுரை, எழுந்து நிற்க முயன்றபடி.

“உக்காருங்க, உக்காருங்க.” பிறகு என் பக்கம் திரும்பினார். “இதை ஏன் எங்க கவனத்துக்குக் கொண்டு வரலை?”

எழுந்து நின்றேன். “மனுதாரரின் விருப்பம் அது, ஐயா” என்றேன். அவர் மறுபடி காகிதத்தைப் பார்த்தார். கையெழுத்தாகிவிட்ட உத்தரவு. மீதியைத் தாழ்ந்த குரலில் வாசித்து முடித்தார்: புதுக் கால் தரத் தவறினால் முழு விலை, மன உளைச்சலுக்கு ஒரு தொகை, வழக்குச் செலவுக்கு ஒரு தொகை. சின்னதுரை உட்கார்ந்தபடியே கையெடுத்துக் கும்பிட்டு, “ரொம்ப நன்றிங்கய்யா” என்றார். அதைக் கேட்டுக்கொண்டு அந்த அறையில் யாராலும் நிமிர்ந்து உட்கார முடியவில்லை.

அப்பீல் போக வேண்டாம் என்று அந்த இளம் வக்கீல் தன் கட்சிக்காரரிடம் சொல்லிப் பணத்தையும் வாங்கிக் கொடுத்தார். குழுக் கடனும் ஆஸ்பத்திரி நாட்களில் கைமாற்றாக வாங்கியதும் அதில் அடைந்தன. முழங்கால் மூட்டோடு செய்த காலின் விலையைக் கேட்டுப் பார்த்தார்கள். வந்த பணத்தைப்போலப் பல மடங்கு. முன்பு எழுதிக் கொடுத்த இலவசக் கால் வந்து சேரவில்லை, அளவும் மாறிவிட்டதால் மறுபடியும் எழுதிக் கொடுத்திருந்தார்கள். இஸ்திரி வண்டியில் இப்போது விஜயாதான் நிற்கிறார் என்று கேள்வி.

இந்த இடத்தில் பாடம் என்று உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். முதல் நாளே எல்லாக் கட்டணத்தையும் சொல்லிவிடுங்கள். கட்டணம் இல்லை என்று ஒரு வழக்கைப் பற்றியும் சொல்லாதீர்கள். சட்ட உதவிக்கு முதல் நாளே எழுதுங்கள். மனுதாரரின் கையில் இருக்கும் பொருளே அவரைக் காயப்படுத்துமானால் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு முதலில் அதை அவரிடமிருந்து வாங்கிவிட வழி பாருங்கள். இவ்வளவும் உபயோகமான விஷயங்கள்தான், கடைப்பிடியுங்கள். ஆனால் இவற்றில் பெரும்பாலானவற்றை நானும் செய்தேன். அதையும் தெரிந்துகொள்ளுங்கள். நான் தொழிலை விட்டதற்கு வயது மட்டும்தான் காரணம் என்று வெளியில் சொல்கிறேன்.

தீர்ப்பு வந்த அன்று வெளியே வந்த பிறகு நடந்ததைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். படியில் இறங்க அவருக்கு ரொம்ப நேரம் பிடித்தது. விஜயா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். கீழே வந்ததும் சுவரோரம் நின்று மூச்சு வாங்கினார். பிறகு என்னிடம் கேட்டார்.

“வக்கீலம்மா, ஒண்ணு கேக்கறேன். அன்னிக்குக் குழாயடியில அந்தப் பாதிப் பணத்த வாங்கியிருந்தா, எங் காலு இருந்திருக்குமா?”

ராஜிக்கு ஒப்புக்கொண்டிருந்தால் காலை அன்றே திருப்பிக் கொடுத்திருப்பார். அதைப் போட்டுக்கொண்டு அதற்கு மேல் ஒரு நாளும் நின்றிருக்க மாட்டார். இது எனக்குத் தெரியும். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தெரியலைங்க சின்னதுரை. சர்க்கரை இருக்கற உடம்பு. டாக்டர்களுக்கே சொல்ல முடியாது” என்றேன்.

“அதானே” என்றார். முகத்திலிருந்து ஏதோ பாரம் இறங்கியதுபோல் இருந்தது. ஊன்றுகோல்களைச் சரிசெய்துகொண்டு, ரோட்டோரம் நின்ற ஆட்டோவை நோக்கி மெல்லப் போனார்.

விஜயா உடனே அவர் பின்னால் போகவில்லை. என் பக்கத்தில் வந்து, அவருக்குக் கேட்காதபடி சொன்னார்:

“உங்களுக்குத் தெரியும்மா. எனக்கும் தெரியும். அவருக்கு மட்டும் எப்பவும் சொல்லிடாதீங்க.”

சொல்லிவிட்டு, ஆட்டோவில் ஏற முடியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவரைத் தூக்கிவிட ஓடினார்.